ஒன்பதையும் எடைக்குப் போடும் முன்: நம் சங்க நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

தலைவர், செயலாளர், பொருளாளர், நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும்,

போன திங்கட்கிழமை காலை நம் அச்சகச் சங்கத்தின் டிடிபி மையத்தைத் திறந்ததும் ஜெராக்ஸ் மெஷினுக்கு மேலே சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். தை முதல் தேதியிலிருந்து மையத்தின் 9 கணினிகளும் மாற்றப்படும். மென்பொருள் எல்லாம் மாதச் சந்தாவுக்கு மாறும். பழைய கணினிகள் எடைக்குப் போடப்படும். மூன்று வரி, கீழே சங்க முத்திரை. இரண்டாவது வரியில் 'மென்பொருள்' என்ற சொல்லில் கொம்பு விழுந்துபோய் 'மென்பாருள்' என்று அச்சாகியிருந்தது. வெளியே எங்கோ அடித்து வாங்கி வந்திருக்கிறீர்கள். அந்தக் கொம்பு எப்படி விழுந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். இந்த மடலில் பாதி அதைப் பற்றித்தான்.

2003-லிருந்து இந்த மையத்தில், கணினியில் எழுத்தடித்துப் பக்கம் அமைக்கும் டிடிபி ஆபரேட்டராக இருக்கிறேன். தனியாக ஆளும் கணினியும் வைத்துக்கொள்ள முடியாத சிறு அச்சகக்காரர்கள் வேலையைக் கொண்டுவந்து கொடுக்கிறார்கள், பக்க லேஅவுட்டும், அச்சடிக்கும் பிளேட்டும் வாங்கிப் போகிறார்கள். குகை, அம்மாபேட்டைக் கல்யாணப் பத்திரிகைகள், ஜவ்வரிசி ஆலைகளின் பில் புக், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுப் பெட்டிகளுக்கு லேபிள், கோயில் பண்டிகை நோட்டீஸ், ஏற்காட்டு லாட்ஜ்களின் கட்டண அட்டை. எல்லாம் எங்கள் மூன்று பேர் கை வழியாகத்தான் போகிறது. எங்களில் ஒருவரிடம்கூட, எந்தக் கணினி எப்படி ஓடுகிறது என்று நீங்கள் கேட்கவில்லை. கணினி விற்கிறவர் ஒருவர் வந்தார். மேசைகளை எண்ணிக்கொண்டு போனார். அவர் எண்ணிய எண்ணிக்கைதான் தீர்மானமாகியிருக்கிறது. அந்த விலைப்பட்டியல் ஆறு லட்சத்தைத் தாண்டுகிறது என்றும் கேள்விப்படுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'அந்தம்மா பழசைக் கட்டிக்கிட்டு அழுவுது' என்று பேசிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவீர்கள். மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. கணினி அன்றைக்கே நின்றுவிடவில்லை, இன்றும் ஓடுகிறது. ஆனால் புதிதாக ஓர் ஓட்டை தெரியவந்தால் அதை அடைக்கிற அப்டேட் இனி தானாக வராது. 2017 மே மாதம் வான்னாகிரை என்று ஒரு வைரஸ் உலகம் முழுக்கக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கலாம். அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே, மார்ச்சிலேயே, கொடுத்திருந்தது. போடாமல் விட்டவர்கள்தான் மாட்டினார்கள். இணையத்தில் இருக்கிற கணினிக்கு அப்டேட் வராது என்றால் அது பூட்டில்லாத கடை. இதில் உங்களோடு எனக்கு ஒரு வேறுபாடும் இல்லை.

ஆனால் நம் 9 கணினியில் இணையத்தில் இருப்பவை எத்தனை? அங்கேதான் உங்கள் தீர்மானம் இடறுகிறது.

கணக்குப் பிரிவில் இருப்பது 2014-ல் வாங்கியது. அதில்தான் ஜிஎஸ்டி தாக்கல், அதில்தான் வங்கிக் கணக்கு, அதில்தான் உறுப்பினர்களின் பான் எண் எல்லாம். அதற்கு விண்டோஸ் 11 போட வழியில்லை, செயலி ரொம்பப் பழசு. தை வரைகூடக் காத்திருக்கக் கூடாது, இந்த மார்கழியிலேயே மாற்ற வேண்டும். ஒன்பதில் அவசரம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதுவோ உங்கள் பட்டியலில் எட்டாவதாக இருக்கிறது.

முன் மேசையில் வேலை வாங்கிப்போடும் இரண்டு கணினிகள் அடுத்தவை. வாட்ஸ்அப்பில் வரும் மேட்டர், மின்னஞ்சல், ஊரில் உள்ள பென் டிரைவ் எல்லாம் முதலில் அங்கேதான் வந்து இறங்கும். ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வருகிற ஒருவர் கொடுக்கும் பென் டிரைவில், கோப்புறையெல்லாம் வைரஸால் ஷார்ட்கட்டாக மாறிக் கிடப்பதை மாதம் ஒருமுறையாவது பார்க்கிறேன். அந்த இரண்டும் 2016-ல் வாங்கியவை. அவற்றையும் மாற்றத்தான் வேண்டும்.

அப்புறம் லேஅவுட் வேலை நடக்கும் மூன்று கணினிகள். இவையும் லாயக்கில்லை என்று அந்த விற்பனையாளர் எழுதிக் கொடுத்ததாகத் தெரிகிறது. விண்டோஸ் 11 பொதுவாக இன்டெல்லில் எட்டாம் தலைமுறைச் செயலியும் அதற்குப் பின் வந்தவையும் இருந்தால் ஏற்றுக்கொள்ளும். கூடவே 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம், செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகள் கேட்கும். நம்முடைய மூன்றும் 2019-ல் வாங்கியவை, எட்டாம் தலைமுறை, 8 ஜிபி ரேம். மைக்ரோசாஃப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற சிறிய நிரலை ஓட்டிப் பார்த்தேன். தகுதியில்லை என்றுதான் முதலில் வந்தது. காரணம் என்னவென்று பார்த்தால், டிபிஎம் இல்லை என்கிறது. சர்வீஸுக்கு வரும் பையனைக் கூப்பிட்டேன். அவன் பயாஸ் என்ற ஆரம்ப அமைப்புப் பக்கத்துக்குள் போய், அணைந்து கிடந்த அந்த வசதியைப் போட்டுவிட்டான். ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். மறுபடி ஓட்டினால் மூன்றிலும் பச்சை டிக். உரிமம் உள்ள விண்டோஸ் 10-லிருந்து 11-க்கு மாற மைக்ரோசாஃப்ட் காசு கேட்பதில்லை. ஒரு ரூபாய் செலவில்லாமல் முடிகிற காரியத்துக்கு மூன்று புதுக் கணினி வாங்கப் பார்க்கிறீர்கள்.

'மையத்துல வேலை தாமதமாவுது' என்று உறுப்பினர்கள் பொதுக்குழுவில் குறை சொன்னதும் எனக்குத் தெரியும். தாமதம் உண்மைதான். அந்த மூன்றிலும் இன்னும் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் ஓடுகிறது. காலையில் போட்டுவிட்டு டீ குடித்து வந்தால்தான் வேலைக்குத் தயாராகும். அதை எடுத்துவிட்டு, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி டிஸ்க் போட்டாலே ஆள் மாறிய மாதிரி ஓடும். இரண்டு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மீதித் தாமதம் புரூஃப் திருத்தம் ஐந்து முறை, ஆறு முறை போய் வருவதால். அதற்கு எந்தக் கம்பெனியும் கணினி செய்யவில்லை.

இனி மூலையில் இருக்கும் இரண்டு விண்டோஸ் 7 கணினிகளுக்கு வருகிறேன். இந்த மடலை எழுத உட்கார்ந்ததே இவற்றுக்காகத்தான்.

பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். ஒன்றுக்கு முன் மூடியே கிடையாது. ஆனால் நம் மையம் 20 வருடத்துக்கு மேல் செய்த வேலை முழுக்க அவற்றில் இருக்கிறது. பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்புகள். அவற்றில் உள்ள தமிழ், நீங்கள் ஃபோனில் அடிக்கிற யூனிகோடு தமிழ் கிடையாது. பாமினி எழுத்துருவில் திரையில் 'தமிழ்' என்று தெரிவது, கணினியைப் பொறுத்தவரை ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் தமிழ் போய் ஆங்கிலக் குப்பை நிற்கும். இதில் இன்னொரு சிக்கல், எந்த விசைக்கு எந்த எழுத்து என்பது ஒவ்வொரு கம்பெனி எழுத்துருவிலும் ஒவ்வொரு மாதிரி. கடையில் வாங்கிய நம் எழுத்துருத் தொகுப்பு, டாங்கிள் என்ற பூட்டுக் கட்டை கணினியின் பின்னால் செருகியிருந்தால்தான் வேலை செய்யும். அந்தக் கட்டையோ பழைய 25 ஊசி பிரின்டர் போர்ட்டுக்கானது.

2014-ல் இதே மாதிரி ஓர் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 8-ஆம் தேதி விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு முடிந்தது, உடனே மாற்று என்று அன்றைய நிர்வாகம் முடிவு செய்தது. வைகாசி முகூர்த்தம் கழுத்தில் நிற்கும்போது ஒரே நாளில் மூன்று புதுக் கணினிகள் வந்து இறங்கின. பின்னால் 25 ஊசி போர்ட் இல்லை. யூஎஸ்பி மாற்று கேபிள் வாங்கி வந்தார்கள். அது பிரின்டருக்குச் சரி, டாங்கிளுக்கு ஆகாது. வந்த விண்டோஸோ 64 பிட், டாங்கிளை இயக்கும் டிரைவர் நிரல் 32 பிட்டுக்கு மட்டும். நான்கு நாள் மையம் முடங்கியது. உறுப்பினர்கள் வாசலில் நின்று சண்டை போட்டார்கள். கடைசியில் ஒரு மெக்கானிக், உள்ளே செருகுகிற போர்ட் கார்டு ஒன்றைத் தேடிப் பிடித்து, 32 பிட் விண்டோஸை மறுபடி ஏற்றி ஓட வைத்தார்.

அதோடு போகவில்லை. அந்த அவசரத்தில் அதே பெயருள்ள எழுத்துருவின் வேறு பதிப்பு ஒரு கணினியில் ஏறியிருந்தது. தமிழ் எழுத்துகள் ஏறக்குறைய ஒன்றாக இருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. கிரந்த எழுத்துகளின் இடம் மட்டும் மாறியிருந்தது. பழைய கணினியில் எடுத்த புரூஃபில் பெண்ணின் அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார், பிளேட்டுக்குப் போனது புதுக் கணினியிலிருந்து. 600 பத்திரிகை அச்சாகி வந்தது. உச்சியில் 'ஸ்ரீ' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டம். 'ஜெ'யில் தொடங்கும் மணப்பெண் பெயரில் 'ஜ' காணாமல் போய் வெறும் கொம்பு மட்டும் நின்றது. அவர் வந்து மேசைமேல் கட்டைப் போட்டு, "ஏம்மா, எம் பொண்ணு பேரையே தின்னுட்டியே" என்றார். வேறு ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறு அச்சுக்கான செலவில் பாதியை மூன்று மாதம் என் சம்பளத்தில் பிடித்தார்கள். அதைத் திருப்பிக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. தந்தால் வேண்டாம் என்றும் சொல்லமாட்டேன்.

இப்போது நீங்கள் சந்தாவில் வாங்கப் போகிற, அடோபி கம்பெனியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைன் இந்தக் கோப்புகளைத் திறக்காது. பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும் வசதி இன்டிசைன் சிஎஸ்6 வரைதான் இருந்தது. 2013-ல் தொடங்கிய சந்தா பதிப்புகளில் அது கிடையாது. பழைய டைப் 1 வகை எழுத்துருக்களையும் அடோபி 2023 ஜனவரியிலிருந்து ஏற்பதில்லை. நம்மிடம் உள்ள அலங்கார எழுத்துகளில் ஒரு பங்கு அந்த வகை. பழைய கோப்பு எதற்கு என்று கேட்பீர்கள். நம் வேலையில் பாதி 'போன வருஷம் அடிச்ச மாதிரியே' என்று வருவதுதான். அக்கா கல்யாணப் பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு தங்கைக்கும் இதே மாதிரி என்பார்கள். ஆலைக்காரர் பில் புக்கில் வரிசை எண் மட்டும் மாற்றச் சொல்வார். கோயில் நோட்டீஸில் தேதியும் உபயதாரர் இரண்டு பேரும் மாறுவார்கள். பத்து நிமிட வேலை. கோப்பு திறக்கவில்லை என்றால் முதலிலிருந்து அடித்து, கட்டம் போட்டு, புரூஃப் பார்த்து, அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கான காசை எந்த உறுப்பினரும் தரப்போவதில்லை.

யூனிகோடுக்கு மாற்றிவிடலாமே என்று இளைய உறுப்பினர் ஒருவர் சொன்னாராம். மாற்ற வேண்டும்தான், நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் பழைய எழுத்துருவில் 'பொ' என்பது கொம்பு, ப, கால் என்று தனித்தனியாக மூன்று தட்டு. யூனிகோடில் ப-வுக்குப் பின் ஒற்றைக் குறி. மாற்றுகிற நிரல் முன்னால் நிற்கும் கொம்பைப் பிடித்துப் பின்னால் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். ஓர் இடைவெளியோ ஒரு வரி முறிவோ நடுவில் வந்தால் கொம்பைக் கோட்டை விட்டுவிடும், 'பொ' 'பா' ஆகிவிடும். சுவரில் நீங்கள் ஒட்டியிருப்பது அப்படி வந்ததாகத்தான் இருக்கும். ஓர் அறிவிப்பில் சிரித்துவிட்டுப் போகலாம், முகூர்த்தப் பத்திரிகையில் முடியாது. ஆகவே மாற்றம் பக்கம் பக்கமாக, கண்ணால் பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

இரண்டு விண்டோஸ் 7-க்கும் இணையம் தேவையில்லை. 2020 ஜனவரியில் அதற்கு ஆதரவு முடிந்தபோதே நெட் கேபிளைப் பிடுங்கிவிட்டேன், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. முன் மேசைக் கணினியில் வைரஸ் பார்த்த ஒரே ஒரு பென் டிரைவ்தான் அவற்றுக்குள் போகும்.

ஒன்பதாவது, கணினியிலிருந்து நேராகப் பிளேட் எடுக்கும் சிடிபி இயந்திரத்தோடு ஒட்டியிருக்கும் கணினி. அதில் கை வைப்பதாக இருந்தால் இயந்திரம் கொடுத்தவரிடம், எந்த விண்டோஸில், பக்கத்தைப் பிளேட்டுக்கான புள்ளிகளாக மாற்றும் அவர்களது ரிப் மென்பொருள் ஓடும் என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் வைக்க வேண்டும். பிளேட் நின்றால் பத்து அச்சகம் நிற்கும். அவ்வளவுதான் இதில் சொல்ல.

சந்தா பற்றி ஒரு வார்த்தை. நம் மையத்தில் ஓடுகிற மென்பொருள் எல்லாம் முறையாக வாங்கியவை என்று நெஞ்சில் கை வைத்து நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது. அதை ஒழுங்கு செய்ய வேண்டும் என்ற உங்கள் எண்ணம் நியாயமானது. ஆனால் ஒன்பது இருக்கைக்கும் சந்தா எதற்கு? இன்டிசைன் உண்மையில் கேட்கிற வேலை ஓர் ஆள் செய்வது. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரிகை வேலை இல்லாமல் ஈ ஓட்டுவோம், சந்தா மட்டும் மாதா மாதம் ஓடும். கட்டாவிட்டால் நாம் செய்த கோப்பையே நாம் திருத்த முடியாது. பக்கம் அமைக்க ஸ்கிரைபஸ் என்று காசில்லாத மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதன் 1.6 பதிப்பு 2024-ல் வந்தது, வீட்டில் போட்டுப் பார்த்தேன். யூனிகோடு தமிழ் ஒழுங்காக நிற்கிறது, அச்சுக்கான நான்கு வண்ணப் பிடிஎஃப்பும் கொடுக்கிறது. எல்லா வேலைக்கும் ஆகும் என்று சத்தியம் செய்யமாட்டேன். பில் புக்குக்கும் ஒற்றை வண்ண நோட்டீஸுக்கும் தாராளமாக ஆகும்.

எங்களில் மூத்த ஆபரேட்டர் அண்ணனைப் பற்றியும் சொல்ல வேண்டும். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்துவிட்டு வந்தவர், திரையைப் பார்க்காமல் அடிப்பார். அறிவிப்பைப் படித்த நாளிலிருந்து, 'நமக்கு இனி வேலை இல்லம்மா' என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச நிரலில் பழைய டைப்ரைட்டர் விசைப்பலகையே இருக்கிறது. அதே விரல், அதே விசை, உள்ளே விழுவது யூனிகோடு. இரண்டு மாதம் மெதுவாகப் பழகினால் அவர் எங்களை முந்திவிடுவார். அவரிடம் இதை யார் சொன்னார்கள்?

நாங்கள் கேட்பது இவைதான். தை முதல் தேதி என்ற அறிவிப்பைத் திரும்பப் பெறுங்கள். கணக்குக் கணினியை இந்த மார்கழிக்குள் மாற்றுங்கள். முன் மேசைக் கணினிகள் இரண்டையும் உடனே வாங்கப் பணம் இல்லையென்றால், விண்டோஸ் 10-க்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் வாங்கும் வழி இருக்கிறது. நிறுவனங்களுக்கு முதல் ஆண்டுக்குக் கணினி ஒன்றுக்கு 61 டாலர், அடுத்த ஆண்டு இரட்டிப்பு, மொத்தம் மூன்று ஆண்டுக்கு மேல் கிடையாது. ஓராண்டு வாங்கி, ஆடிக்குள் புதிதை வாங்கிவிடலாம். லேஅவுட் கணினிகள் மூன்றுக்கும் எஸ்எஸ்டி வாங்கித் தாருங்கள். ஒன்றில் மட்டும் முதலில் விண்டோஸ் 11 ஏற்றி ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு மற்றதில் ஏற்றுகிறோம்.

விண்டோஸ் 7 இரண்டையும் தொடாதீர்கள். வரும் ஆடியில் கல்யாண வேலை இருக்காது, கோட்டை மாரியம்மன் பண்டிகை நோட்டீஸ் மட்டும்தான். அந்த ஒரு மாதம் பழைய கோப்புகளைப் பிடிஎஃப் ஆக்கவும், திரும்பத் திரும்ப வருகிற வேலைகளை யூனிகோடில் அடித்து வைக்கவும் எங்களுக்கு நேரமும், தினம் இரண்டு மணி நேர ஓவர்டைமும் கொடுங்கள். அது முடிந்த பிறகு அந்தக் கணினிகளை நானே தூக்கிக் கொடுக்கிறேன்.

எந்தக் கணினி வெளியே போனாலும் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கக் கூடாது. கணக்குக் கணினியின் டிஸ்க் முக்கியமாக. ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடுத் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். காயலான் கடைக்காரர் வைத்திருப்பார் என்று அதிகாரியிடம் சொல்ல முடியாது. நகல் எடுத்துச் சரிபார்த்து, பழைய டிஸ்க்கை நம் கண் முன்னால் உடைத்து, மீதியைப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

மார்கழி முடிவதற்குள் நிர்வாகக் குழுவைக் கூட்டி, அதில் ஆபரேட்டர்கள் சார்பாக ஒருவரை உட்கார வையுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் வாங்கிய ஆண்டு, செயலி, ரேம், அதில் நடக்கும் வேலை எல்லாம் எழுதி ஒரு பக்கத் தாள் தயாராக வைத்திருக்கிறேன். விற்பனையாளரின் பட்டியலையும் அன்று மேசைமேல் வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதுவரை சுவரில் உள்ள அந்த அறிவிப்பையாவது எடுத்துவிடுங்கள். வருகிற உறுப்பினர்கள் எல்லாம் அந்த 'மென்பாருளை' நாங்கள் அடித்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
மையத்தின் டிடிபி ஆபரேட்டர்
சேலம், டிசம்பர் 2025